சலவைக்குப் போன மூன்று டாலர்

ஒரு பேங்க் ஊரை ஏமாற்றிவிட்டு ஓடிப் போனால் அதன் நோட்டு குப்பை. ஓடிப் போய் நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டால் அதே நோட்டு பொக்கிஷம். நடுவில் எந்தத் தேதியில் குப்பை பொக்கிஷமாக மாறியது என்பதைத் தீர்மானிக்க நாலு பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாப் பகுதியில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் நாலு பேர் அல்ல, ஒன்பது பேர் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய சபைக்கு 'வளைகுடா வழக்கொழிந்த அமெரிக்கத் தாள்நாணயத் தரநிர்ணயப் பேரவை' என்று பெயர். அந்தப் பெயரை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் கீழே கடைக்காரர் ஒரு கிலோ துவரம்பருப்பை நிறுத்து, பொட்டலம் கட்டி, மீதிச் சில்லறையும் கொடுத்துவிடுவார்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆளாளுக்கு பேங்க் திறந்து நோட்டு அடித்தார்களாம். காட்டுக்குள் ஒரு கொட்டகை, வாசலில் ஒரு பெயர்ப் பலகை. சோதனைக்கு அதிகாரி வந்தால் பெட்டி நிறைய ஆணியைக் கொட்டி மேலாக நாலு வெள்ளிக் காசைப் பரப்பிக் காட்டிவிடுவது. நோட்டில் பால்காரி, பசு மாடு, ரயில் வண்டி என்று படத்துக்கு மட்டும் குறைவிருக்காது. பின்பக்கம் பெரும்பாலும் வெறும் வெள்ளை. நோட்டை வாங்கியவன் காசு கேட்டு வரும்போது பேங்க்கும் இருக்காது, பேங்க்காரனும் இருக்க மாட்டான். இதில் நாணயமான பேங்க்குகளும் இருந்தன. அவை கேட்டவனுக்கெல்லாம் காசு கொடுத்து நோட்டைத் திரும்ப வாங்கிக் கொளுத்திவிட்டதால் அவற்றின் நோட்டு கிடைப்பதில்லை. பேரவைக்கு அந்த நாணயஸ்தர்கள் மேல் தீராத கோபம் உண்டு.

பேரவை ஒவ்வொரு நோட்டுக்கும் ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கும். எழுபது இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. அதை வாங்க வேண்டுமானால் அந்தத் தாளை மனிதப் பிறவி எவனும் பயன்படுத்தியிருக்கக் கூடாது, தொட்டிருக்கக் கூடாது, முடிந்தால் பார்த்திருக்கவும் கூடாது என்பது தலைவர் டாக்டர் விஜயபாஸ்கரின் கொள்கை. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. டாக்டர் பட்டம் எப்படி வந்தது என்று கேட்டவர்கள் மறுபடி கூட்டத்துக்கு அழைக்கப்பட்டதில்லை.

இந்த மாதிரி மனிதர்களோடு சோலையப்பனுக்கு என்ன சம்பந்தம் இருக்க முடியும்? அவன் பக்கத்துச் சந்தில் இருந்த சலவைக் கடையில் துவைத்து இஸ்திரி போடுகிறவன். கமுதிப் பக்கத்துக்காரன். பேரவை உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைப் பருத்திக் கோட்டுகள் அவனிடம்தான் சலவைக்கு வரும். கோட்டு வெளுப்பாக இருக்கிறதா என்பதுதான் அவன் கவலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. பானுமதியோடு நிச்சயம் செய்த கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப் போய்விட்டது. ஒரு தடவை கடை முதலாளியின் ஹஜ், இன்னொரு தடவை பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர். இப்போது மூன்றாவதாக ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள்.

"மண்டபத்துக்காரரு இனிமே தேதி மாத்தித் தர மாட்டாராம்" என்று பானுமதி போனில் சொன்னாள். "எங்கப்பா வேற, மாப்பிள்ளைன்னு நெசமாவே ஒருத்தர் இருக்காரான்னு கேக்குறாரு. நான் என்னங்க சொல்லட்டும்?"

"இருக்காருன்னு சொல்லு. இந்தத் தடவ வந்துருவேன்."

இப்படி ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு கோட்டுகளைத் தொட்டியில் போட்டபோதுதான் அவன் பாக்கெட்டைப் பார்க்க மறந்தான். அலசும்போது ஒரு தாள் மிதந்து வந்தது. மூன்று டாலர் என்று போட்டு, பால்காரி படம் போட்ட நோட்டு. மூன்றில் ஒரு நோட்டு உண்டா என்று அவன் யோசித்தான். எதுவானாலும் கஸ்டமர் பொருள். ஈரத்தோடு பார்த்தால் பாவமாக இருந்தது. நடுவில் மடிப்பு, ஓரத்தில் டீக் கறை. அரைகுறையாக விட மனம் வரவில்லை. சட்டைக் காலர் அழுக்குக்குக் காட்டும் கவனத்தோடு கறையை எடுத்தான். இரண்டு துண்டுக்கு நடுவே வைத்து உலர்த்தினான். லேசாகக் கஞ்சி போட்டு, மெல்லிய துணி விரித்து இஸ்திரி போட்டான். துணிக்கு ஊற்றும் மல்லிகை வாசனைத் திரவத்திலும் ஒரு சொட்டு தடவினான். நோட்டு அன்று பிறந்த மாதிரி விறைத்து நின்றது. கோட்டுப் பாக்கெட்டிலேயே வைத்து அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு சாப்பிடப் போனான்.

மறுநாள் காலையில் அம்பலவாணர் கடைக்குள் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கட்டுமானக் கம்பெனியின் கணக்காளர், பேரவையின் பொதுச் செயலாளர். நோட்டு அவருடையது. அதை எடுத்து நீட்டினார்.

"ஆரப்பா இதைத் தோய்ச்சது?"

"நாந்தாங்க."

"இதிலை ஒரு தேத்தண்ணிக் கறை இருந்ததெல்லோ? எங்கை அது?"

"எடுத்துட்டேன் சார். லேசுல போகல."

"எடுத்துப்போட்டீரோ! நூற்றைம்பது வரியத்துக் கறையடா அது! நடு மடிப்பு எங்கை?"

"இஸ்திரி போட்டா மடிப்பு போயிரும்ல சார்" என்றான் சோலையப்பன், ஆறுதலாக.

அம்பலவாணர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நோட்டு பேரவையில் இருபத்தைந்து மதிப்பெண் வாங்கியதாம். பாக்கெட்டில் எப்போதும் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று உறையிலிருந்து எடுத்து வைத்திருந்தாராம். இப்போது அது ஒன்றுக்கும் தேறாது, பேரவைதான் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுந்து போனார்.

கடையை நடத்துகிற கலீலுர் ரஹ்மான் சோலையப்பனைக் கூப்பிட்டார். கீழக்கரைக்காரர், கெட்டவரில்லை, ஆனால் ஒன்பது வாடிக்கையாளர் குடும்பங்களை ஒரே நாளில் இழக்கும் துணிச்சல் அவருக்கு இல்லை.

"பேரவை, பிரச்சினை தீந்துச்சுன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் ஓம் பாஸ்போர்ட் என் பெட்டியிலேயே இருக்கட்டும்ப்பா" என்றார்.

"பாய், ஆவணியில கல்யாணம்."

"தெரியும்ப்பா. நானும் மனுசந்தான். ஆனா அவரு மொகத்தப் பாத்தியா?"

வெள்ளிக்கிழமை பேரவை கூடியது. ஓடுகிற காற்று தாளைத் தேய்க்கும் என்பதால் ஏசியை நிறுத்தி, மின்விசிறியையும் நிறுத்தினார்கள். ஆகஸ்டு மாதத்து மனாமாவில் இதைச் செய்கிறவர்களைத் தியாகிகள் என்பதா வேறு ஏதாவது சொல்வதா என்பது அவரவர் விருப்பம். மூச்சு படாமல் இருக்க எல்லோரும் கைக்குட்டையால் வாயைக் கட்டிக்கொண்டார்கள். சோலையப்பனின் வியர்வை அறையின் ஈரப்பதத்தைக் கெடுக்கும் என்று அவனை வாசலில் ஒரு செய்தித்தாள் மேல் நிற்கவைத்தார்கள். ஒன்பது பேரும் அவனைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாருடைய நோட்டு என்று தெரியாமல்தான் தரம் பார்க்க வேண்டும் என்பது விதி. அம்பலவாணர் வாயைத் திறக்காமல் ஓரத்தில் இருந்தார். ஒரு தட்டில் நோட்டு வந்தது. தலைவர் பூதக்கண்ணாடியை உயர்த்தினார்.

"நண்பர்களே, தாளைப் பார்க்கும்போது தாளைப் பார்க்காதீர்கள். தரத்தைப் பாருங்கள். தாள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தரம் நமக்கு மட்டுமே தெரியும். தெரியாவிட்டால் நாம் எதற்கு?"

அடுத்து வாசனைக் குழு. அதன் தலைவி உமாராணி பள்ளிக்கூட ஆசிரியை; குழுவில் அவர் ஒருவர்தான். கைக்குட்டையை விலக்கி, கண்ணை மூடி, நோட்டை முகர்ந்தார்.

"காட்டுப் பூ" என்றார் மெதுவாக. "அந்தக் காலத்து அமெரிக்கக் காட்டில் பூத்த பூ. இந்தத் தாளை எண்ணிய பெண்ணின் கூந்தலில் இருந்திருக்க வேண்டும்."

மல்லிகைத் திரவம் என்று சொல்ல சோலையப்பன் வாயெடுத்தான். பேசினால் ஈரப்பதம் கூடும் என்று சைகை காட்டினார்கள்.

விறைப்பு அசல், பரப்பு அசல், கைபடாத தாள், அறுபத்து நாலு என்று தலைவர் அறிவித்தார். ஒன்பது பேரும் கையுறையோடு கைதட்டினார்கள், சத்தமே வரவில்லை. அப்போது அம்பலவாணர் எழுந்து, இது தன் நோட்டுத்தான் என்றும், இரண்டு வருஷத்துக்கு முன் இதே பேரவை இதற்கு இருபத்தைந்து கொடுத்தது என்றும், தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ் இதோ என்றும் சொன்னார்.

தாளுக்கு வயசாகலாம், இளமை திரும்பாது. தலைவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"பேரவை அன்றும் தவறு செய்யவில்லை. இன்றும் தவறு செய்யவில்லை. ஆகவே நோட்டு வேறு. சலவைக் கடையில் மாற்றப்பட்டிருக்கிறது."

"நோட்டு நம்பர் ஒண்டாத்தானே கிடக்குது?" என்றார் அம்பலவாணர்.

"மாற்றியவன் எவ்வளவு கவனமானவன் என்பதற்கு அதுவே சான்று."

"ஐயா!" சோலையப்பன் செய்தித்தாளை விட்டு இறங்கியேவிட்டான். "மட்டமானதத் திருடிக்கிட்டு ஒசத்தியானத எவன்யா வச்சுட்டுப் போவான்? அது அதே நோட்டுத்தான். நான் தொவச்சேன், கஞ்சி போட்டேன், இஸ்திரி போட்டேன்."

தலைவர் அவனைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "தம்பி, பதினெட்டுக் கண்கள் பார்த்துக் கைபடாதது என்று சொன்ன பிறகு, நீங்கள் துவைத்தேன் என்று சொல்வது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா? எங்கள் இருபத்தைந்தைக் கொண்டு வாருங்கள்."

நேர்மையில் அம்பலவாணர் தங்கம். பேரவையே சொன்ன பிறகு, தன்னுடையது அல்லாத அறுபத்து நாலைத் தொடமாட்டேன் என்று நோட்டைச் சோலையப்பன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கடைக்கு வந்ததும் சோலையப்பனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கலீல் பாய்தான் வழி சொன்னார். "அழுக்கத் தேடுறாங்க. அழுக்காக்கிக் குடுத்துரு. அதோட பிரச்சின முடிஞ்சுது."

துணியை வெளுப்பதில் பன்னிரண்டு வருஷம் கழித்தவனுக்கு அழுக்காக்குவது லேசாக இல்லை. நோட்டை நாலாக மடித்துக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அதன்மேலேயே உட்கார்ந்தான், அதோடேயே நீராவிப் பெட்டி முன்னால் நின்று வியர்த்தான், அதோடேயே மீன் மார்க்கெட்டுக்குப் போனான். பழைய கறை இருந்த ஓரத்தில் டீ ஊற்றப் போனபோது கலீல் பாய் பதறிக்கொண்டு வந்தார்.

"பால் டீ ஊத்தாதேப்பா, ஈ வரும். கருப்பு சுலைமானி ஊத்து. அந்தாளு சீனி போட்டுக் குடிப்பாரா, போடாமலா?"

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஏசி நின்றது, வாய்கள் கட்டப்பட்டன. உமாராணி முகர்ந்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. அது உணர்ச்சியா மீன் மார்க்கெட்டா என்று சோலையப்பனுக்குத் தெரியவில்லை.

"உழைப்பின் வாசனை" என்றார். "வறுமையும் நம்பிக்கையும் கலந்த பழைய அமெரிக்கா. இதுதான் அசல்."

இருபத்தைந்து என்று தலைவர் அறிவித்தார். அம்பலவாணர் நோட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்றார். சோலையப்பன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அப்ப நான் ஊருக்குப் போலாங்களா ஐயா? பாய்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..."

"ஒரு நிமிடம் தம்பி" என்றார் தலைவர். "அந்த அறுபத்து நாலு எங்கே?"

"அது... இதுதாங்கய்யா."

"இது இருபத்தைந்து. பேரவை சற்றுமுன்தான் சொன்னது. அறுபத்து நாலு என்று ஒரு நோட்டு உலகில் இருப்பதாகப் போன வாரம் பதிவு செய்திருக்கிறோம். அது உங்கள் கையில் கொடுக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்து ஒப்படைக்காமல் நீங்கள் நாட்டை விட்டுப் போவது எப்படி?"

அவன் மாடிப்படியில் உட்கார்ந்து பானுமதிக்குப் போன் போட்டான். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"ஏங்க, இல்லாத நோட்டத் தேடி எங்கன போவீங்க?" என்றாள் பானுமதி. "செத்துப் போச்சுன்னு சொல்லிட்டு வாங்க. இல்லாதது செத்தா அழ யாரு இருக்கா?"

"திருடுனவன்ல இருந்து கொலகாரன் ஆகச் சொல்றியா?"

"கல்யாண மாப்பிள்ளை ஆகச் சொல்றேன்."

அவன் திரும்ப மாடி ஏறினான். "ஐயா, உண்மையச் சொல்லிர்றேன். அந்த அறுபத்து நால மறுபடி ஒரு தடவ தொவச்சுப் பாத்தேன். தொட்டியிலேயே கரைஞ்சு போச்சு."

ஒன்பது பேரும் மூச்சை இழுத்தார்கள். சோலையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழுமோ போலீஸ் வருமோ என்று காத்திருந்தவன் காதில் கைதட்டல் விழுந்தது. இந்த முறை கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார்கள்.

"உலகில் இரண்டு இருந்தன" என்றார் தலைவர். "ஒன்று அழிந்தது. ஆகவே நம் அம்பலவாணருடையது..."

"ஒண்டே ஒண்டு!" அம்பலவாணர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நண்பர்களே, பழையதைப் பாதுகாப்பவன் தொண்டன். இன்னொருவனிடம் இருப்பதை அழித்துக்கொடுப்பவன் வள்ளல். இந்த எளிய மனிதர் தமக்கே தெரியாமல் நம் கலையின் ஆழத்தைத் தொட்டுவிட்டார். நமக்கு நோட்டின் மேல் அன்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. அடுத்தவரிடம் அது இல்லாமல் போகும்போது நமக்குப் பொங்குவது அன்பில்லாமல் வேறென்ன?"

சோலையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் கீழே வந்து கலீல் பாயிடம் தம் வாயாலேயே சொன்னார். மறுநாள் மாலை விமானத்துக்கு டிக்கெட்டும் ஆகிவிட்டது.

மறுநாள் காலை கடை திறந்ததும் உமாராணி வந்தார். கையில் வெள்ளைக் கோட்டு. போன வாரம்தான் வெளுத்தது, அழுக்கே இல்லை.

இந்த ரகளைக்குப் பிறகு கடையில் கலீல் பாய் ஒரு புது வழக்கம் வைத்திருந்தார். துணி கொடுக்கிற எவரும் பாக்கெட்டில் ஒன்றுமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"பாக்கெட்ல ஏதும் இருக்காம்மா?"

"ஒன்றுமில்லை" என்றார் உமாராணி, பாக்கெட்டை மெல்லத் தட்டியபடி. பிறகு சோலையப்பன் பக்கம் குனிந்தார். "கஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். அந்த மல்லிகை வாசனையும்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி சந்தின் இரண்டு முனையிலிருந்தும் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒன்றுமில்லை என்றார்கள், ஒவ்வொருவரும் பாக்கெட்டைத் தட்டினார்கள், "அன்றைக்குச் செய்த மாதிரியே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். கடைசியாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலைவர் வந்தார். அம்பலவாணர் மட்டும் வரவில்லை.

சோலையப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. துவைத்தேன் என்று அவன் சொன்னதை எல்லோரும் அன்றைக்கே நம்பியிருக்கிறார்கள். நம்பிக்கொண்டே திருடன் என்றார்கள். வாழ்க்கையில் அவனுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

கலீல் பாய் கோட்டுகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இந்த வேல ஒனக்குத்தான்ப்பா தெரியும். பயணத்த அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கிறியா?"

"தள்ள வேணாம் பாய். இன்னைக்கே முடிச்சிர்றேன்."

"பாக்கெட்டெல்லாம் பாக்கணுமேப்பா."

"அவங்களே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே பாய். அவ்வளவு படிச்சவங்க பொய்யா சொல்லுவாங்க?"

எட்டுக் கோட்டுகளையும் பெரிய மெஷினில் போட்டான். கொதிக்கிற வெந்நீர். வெளுப்புக் காரம் இரண்டு மடங்கு. வெள்ளைப் பருத்திக்கு அதுதான் முறையான சலவை. எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். மெஷின் சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தான். பிறகு கலீல் பாய் மெச்சும்படி எட்டையும் இஸ்திரி போட்டு மாட்டினான், பாஸ்போர்ட்டை வாங்கினான், போனான்.

தாலி கட்டி முடித்து மணமேடையை விட்டு இறங்கியபோது கலீல் பாய் போன் வந்தது. பானுமதியும் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்து கோட்ட வாங்கிட்டுப் போனாங்கப்பா. வாங்குன ஒடனே பாக்கெட்டுல கைய விட்டாங்க. மூஞ்சியப் பாக்கணுமே! ஒருத்தரும் வாயத் தொறக்கல. என்னத்தக் காணோம்னு கேப்பாங்க? கூட்டத்துல சொன்னா மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

"தலைவரு?"

"அவரு பாக்கெட்டுக்குள்ள இருந்து கொஞ்சம் வெள்ளப் பஞ்சு எடுத்தாரு. வெளிச்சத்துல காட்டுனாரு. படம் இல்ல, எழுத்து இல்ல, மடிப்பு இல்ல, கற இல்ல. மோந்து பாத்தாரு. அப்பறம் பையிலேருந்து பிளாஸ்டிக் கவர எடுத்து அதுக்குள்ள போட்டு, மேல ஒரு நம்பர் எழுதிட்டுப் போயிட்டாரு."

"என்ன நம்பர் பாய்?"

"எழுபது."

மாலையும் கழுத்துமாகப் பானுமதி போனைப் பிடுங்கினாள். "அது எந்த பேங்க் நோட்டுன்னு சொன்னாருங்க?"

"அதெல்லாம் சொல்லலம்மா" என்றார் கலீல் பாய். "உலகத்துலேயே இது ஒண்ணுதான்னு மட்டும் சொன்னாரு."